பசி என்று நினைத்துவிட்டேன், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, அப்பத்தா எல்லோரும் நலமா? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் ஃபோனில் என் குரல் சரியில்லை என்றாயே, காரணம் இதுதான். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் 91 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். பிறந்ததிலிருந்தே இங்கிலாந்தின் வடக்கில் இருக்கும் இந்த யார்க்‌ஷயரைத் தாண்டாதவர். அன்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐம் ஸ்டார்வ்டு, லவ்" என்றார். பசிக்கிறதாக்கும் என்று ஓடிப்போய் ஓட்ஸ் கஞ்சி கொண்டுவந்தேன். தொடவில்லை. திரும்பவும் அதையே சொன்னார். ரொட்டி வைத்தேன், அதையும் தொடவில்லை. அப்புறம் வந்த சீனியர் அக்காதான் கம்பளியை எடுத்துப் போர்த்தினார். "குளிருதுன்னு சொல்றாங்க. இந்தப் பக்கத்துப் பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். பாட்டியின் ஸ்வெட்டரில் மேல் பொத்தான் இரண்டும் திறந்திருந்தன. நகமெல்லாம் நீலம். என்னைப் பிடித்திருந்த கை ஐஸ் மாதிரி இருந்தும் எனக்கு உறைக்கவில்லையே அம்மா!

மனசு கேட்காமல் லைப்ரரியில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'ஸ்டார்வ்' என்றால் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெறுமனே 'சாவது'. நோயில் செத்தாலும் சண்டையில் செத்தாலும் அதுதான் சொல். ஜெர்மன்காரர்கள் இன்றும் சாவதை 'ஷ்டெர்பன்' என்கிறார்கள், அதே சொல்தான். சாவதற்கு இப்போது இங்கிலீஷில் சொல்லும் 'டை' என்பது, கடல் தாண்டிப் படையெடுத்து வந்த வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்ததாம். 866-இல் அவர்கள் பிடித்த யார்க் நகரத்துக்கு இங்கிருந்து ரயிலிலேயே போய்விடலாம். பொதுவான சாவுக்கு 'டை' என்று ஆனதும், 'ஸ்டார்வ்' பட்டினியில் சாவதற்கும் குளிரில் சாவதற்கும் என்று சுருங்கிப் போனது. பிறகு சாவும் விலகி, பெரும்பாலான ஊர்களில் பசி மட்டும் மிஞ்சியது. வடக்கில்தான், அதுவும் வயதானவர்கள் பேச்சில், குளிர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "பசி உயிர் போகுது" என்று உன்னிடம் கத்துவேனே, அது ஞாபகம் வந்தது.

இப்போதெல்லாம் ஷிஃப்டுக்குப் போனதும் முதலில் அந்தப் பாட்டியின் கையைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அங்கே மார்கழிப் பனி ஆரம்பித்திருக்கும். அப்பத்தாவுக்கு ராத்திரி போர்வை விலகினால் எழுந்து போர்த்திவிடு. அது வாய்விட்டுக் கேட்காது.

உன் அன்பு மகள்