பாலூட்டி என்ற சொல்லைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்: அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த அறிவியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் விடைத்தாளைப் பார்த்த நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனத்தில் கிடந்தது. ‘பாலூட்டி என்றால் என்ன?’ என்பது கேள்வி. ‘தன் குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும் விலங்கு’ என்று எழுதியிருந்தாள். இரண்டில் ஒரு மதிப்பெண்தான். பக்கத்தில் சிவப்பு மையில், ‘குட்டி போட்டு என்பது எங்கே?’ அவளுடைய ஆசிரியை அக்கறையாகச் சொல்லிக் கொடுப்பவர். அவரும் அப்படித்தான் படித்திருப்பார், நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் என் மகள் எழுதியதுதான் சரி.

ஆஸ்திரேலிய ஆறுகளில் வாழும் பிளாட்டிபஸ் முட்டையிடும். முள்ளம்பன்றி போலிருக்கும் எக்கிட்னாவும் முட்டையிடும். பிளாட்டிபஸ் முட்டையிடுகிறதா இல்லையா என்று ஐரோப்பிய அறிஞர்கள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். 1884-இல் வில்லியம் கால்டுவெல் என்பவர் (நம் திருநெல்வேலி கால்டுவெல் இல்லை, வேறொருவர்) ஆஸ்திரேலியாவுக்கே போய்ப் பார்த்து, முட்டைதான் என்று தந்தி அடித்த பிறகு அது முடிவுக்கு வந்தது. பிளாட்டிபஸுக்கு முலைக்காம்பே கிடையாது. வயிற்றுத் தோலில் பால் கசியும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு அந்த ரோமத்தில் வாய் வைத்துக் குடிக்கும். முட்டையும் உண்டு, பாலும் உண்டு. அதனால்தான் அது பாலூட்டி.

இந்த வகைக்கு உலகம் முழுக்க வழங்கும் அறிவியல் பெயர் ‘மம்மாலியா’. வைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ். 1758-இல் வந்த தன் நூலின் பத்தாம் பதிப்பில் வைத்தார். அதற்கு முன் அவரே ‘நாலுகாலிகள்’, அதாவது நான்கு கால் உள்ளவை என்றுதான் வகுத்திருந்தார். அதில் மனிதனையும் சேர்த்ததால் எதிர்ப்பு கிளம்பியது. திமிங்கலமோ மீன்களோடு கிடந்தது. புதிய பெயர் வந்த பதிப்பில்தான் திமிங்கலம் நம் பக்கம் வந்து சேர்ந்தது.

லத்தீனில் ‘மம்மா’ என்றால் முலை. அம்மாவைக் கூப்பிடும் மழலைச் சொல்லும் அதுவே. நம் வீட்டுக் குழந்தைகள் சோற்றை ‘மம்மு’ என்பது நினைவுக்கு வருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லவில்லை, பசித்த பிள்ளையின் வாய்க்கு எந்த ஊரிலும் எளிதாக வரும் ஒலி அது. லின்னேயஸ் ரோமத்தை வைத்துப் பெயர் சூட்டியிருக்கலாம், எல்லாப் பாலூட்டிக்கும் ஏதோ ஒரு பருவத்திலாவது ரோமம் உண்டு. நடுக்காதில் மூன்று குட்டி எலும்புகள் இருப்பதும் பொது அடையாளம்தான். ஆனாலும் அவர் முலையைத் தேர்ந்தெடுத்தார். அவர் மருத்துவர், ஏழு பிள்ளைகளுக்குத் தகப்பன். பெற்ற பிள்ளையைச் செவிலித்தாயிடம் பாலுக்கு அனுப்பும் அக்கால வழக்கத்தைக் கண்டித்து 1752-இல் தனி நூலே எழுதியவர். அந்தக் கவலைக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இப்போது நம் சொல்லைப் பாருங்கள். உண் என்பதிலிருந்து ஊட்டு. பால் ஊட்டுவது பாலூட்டி. லத்தீன் சொல் உறுப்பைச் சொல்கிறது, தமிழ்ச் சொல் செயலைச் சொல்கிறது. காம்பில்லாத பிளாட்டிபஸுக்கும் நம் சொல் நெருடாமல் பொருந்துகிறது. இதைவிட நல்ல பெயரை நான் பார்த்ததில்லை. இப்படி ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் ‘குட்டி போட்டு’ என்று ஏன் ஒட்டுப்போட வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. முலை என்று சொல்லக் கூசி அந்த இடத்தைத் தாண்டிப் போன வகுப்பில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். சீர்காழியில் ஆண்டுதோறும் திருமுலைப்பால் விழா என்றே பெயர் சொல்லி ஊர் கூடுகிறது. வகுப்பிலும் தயங்காமல் சொல்லலாம். ஆசிரியர் இயல்பாகச் சொன்னால் பிள்ளைகளும் இயல்பாகக் கேட்டுக்கொள்வார்கள்.

அப்புறம், படம் வரைந்து காட்டுங்கள். பசுவுக்கும் ஆட்டுக்கும் மடி பின்னங்கால்களுக்கு நடுவில். யானைக்கோ முன்னங்கால்களுக்கு நடுவில், நம்மைப் போல மார்பில். யானைக்குட்டி துதிக்கையைத் தூக்கி ஒதுக்கிவிட்டு வாயால் பால் குடிக்கும். பாக் நீரிணையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசுவுக்குத் துடுப்பின் அடியில், அக்குள் பக்கம். என் மகளிடம் இதைச் சொன்னபோது, “அப்போ வௌவாலுக்கு எங்கே?” என்று கேட்டாள். அதற்கும் அக்குள் பக்கம்தான்.

அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. அடுத்த தேர்வில் வேறொரு பிள்ளை அதே விடையை எழுதினால் முழு மதிப்பெண் போடுங்கள். முடிந்தால் ‘முட்டையிடும் பாலூட்டி உண்டா?’ என்று வகுப்பில் ஒரு முறை கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்