விற்கும் நாளையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மனை முதலீட்டுக் கட்டுரையைப் படித்தேன். எங்கே வாங்கலாம், எப்போது வாங்கலாம் என்று விரிவாகச் சொன்ன கட்டுரை, வாங்கியதை எப்படி விற்பது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் பத்திரம் எழுதும் தொழிலில் இருக்கிறேன். மனை வாங்கியவர்கள் தாங்கள் சிக்கிக்கொண்டதைத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் விற்க வரும்போதுதான்.

சென்னையிலிருந்து திருச்சி போகும் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி அச்சிறுபாக்கம் வரை போய்ப் பாருங்கள். கல் நட்டுப் போட்ட மனைப்பிரிவுகள் எத்தனையோ. பலவற்றில் உள்சாலையை வேலிக்காத்தான் மூடிக் கிடக்கும், ஒரு வீடுகூட இருக்காது. வாங்கியவர்கள் அத்தனை பேரும் விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் வெளியூர்க்காரர்கள். மகள் கல்யாணத்துக்காக ஒருவர் தன் மனையை விற்கப் போனால், பக்கத்திலேயே அதே புரமோட்டர் ‘இரண்டாம் கட்டம்’ என்று புது மனைகளைத் தவணையில் விற்றுக்கொண்டிருப்பார். ஏஜென்ட்டுக்குக் கமிஷன் அங்கேதான் அதிகம். பழைய மனையை அவர் யாருக்குக் காட்டப் போகிறார்? சுற்றிலும் நாலு வீட்டில் விளக்கு எரிகிற இடமாகப் பார்த்து, சதுர அடிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, சின்ன மனையாகவே வாங்கலாம். குடியிருக்க நினைப்பவர் தேடி வருகிற மனைதான் அவசரத்துக்கு விலை போகும்.

அப்புறம் செலவு. 12 லட்சம் ரூபாய் மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதுவே 1,08,000 ரூபாய். இரண்டு மூன்று வருஷத்தில் கைமாற்றிவிடலாம் என்று வாங்குபவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதைவிடப் பெரிய அடி, பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுப்பது. சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாளைக்கு வாங்க வருபவர் வங்கிக் கடனில் வருவார், முழு விலைக்கும் பத்திரம் கேட்பார். நீங்கள் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கணக்கு இல்லாததால் அந்தத் தொகையும் உங்கள் லாபத்தில் சேர்ந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் அதற்கு 12.5 சதவீதம் வரி.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது, அது போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. பதிவான ஆவணம்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயிலோ, கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கோ அதில் தெரியாமல் போகலாம். சொத்து முன்பு கைமாறியதைக் காட்டும் பழைய பத்திரமான தாய்ப்பத்திரத்தைக் கையில் வாங்கினால் நான் முதலில் பார்ப்பது பெண்பிள்ளைகள் பெயரை. அண்ணன் தம்பி மூன்று பேர் கையெழுத்துப் போட்டு விற்றிருப்பார்கள், கூடப்பிறந்த அக்கா பெயர் எங்கும் இருக்காது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று 2005-லேயே மத்தியச் சட்டத்தைத் திருத்தியாயிற்று. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, பணம் முழுவதும் கொடுத்து வாங்கியவர்கள் விற்கவும் முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள். மறுவருஷம் அந்த மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்த பிறகும் கட்டணம் கட்டி அலைந்தது வாங்கியவர்கள்தான். இவ்வளவு நடந்தும் ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க’ என்ற பேச்சை இன்றும் கேட்கிறேன். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தரும் அங்கீகாரம்தான் செல்லும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே சட்டப்படி குற்றம். ஆகவே தங்கள் இதழில் வரும் மனை விளம்பரங்களில் ரெரா பதிவு எண் இல்லாதவற்றைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். அடுத்து மனை பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, வாங்கிய மனையை உண்மையில் விற்ற நாலு பேரைத் தேடிப் பிடித்து, எத்தனை வருஷம் ஆயிற்று, எல்லாச் செலவும் போகக் கையில் என்ன நின்றது என்று கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர்,
மதுராந்தகம்.