உன் பீரோவின் கீழ்த்தட்டு

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று அம்மா சொன்னாள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் பீரோவில் யார் யாருடைய பைகளோ இருக்கின்றன என்று கேட்டு நீ வருத்தப்பட்டாயாம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வைத்தது என் தப்புதான். போனில் பேசினால் எனக்குப் பாதி விஷயம் மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன்.

"ரிட்டயர் ஆனப்புறம் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்து என்னதான் செய்றீங்கப்பா?" என்று போன முறை கேட்டாயே. நேற்றைய நாளைச் சொல்கிறேன்.

காலை 5 மணிக்குச் சென்னை சென்ட்ரல் பக்கம் வால்டாக்ஸ் சாலையில் இருந்தேன். சாலையோரப் பிளாட்பாரத்தில் படுக்கிறவர்கள், கடைகள் திறப்பதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு மூட்டை தூக்கவோ, பூக்கடைப் பக்கமோ, காகிதம் பொறுக்கவோ போய்விடுவார்கள். தூங்குகிறவர்களை நான் எழுப்புவதில்லை. மற்றவர் வீடென்றால் கதவைத் தட்டிவிட்டு நிற்போம். இவர்களுக்குக் கதவு இல்லை. அதனால் நாலடி தள்ளி உட்கார்ந்து, அவர்களாக எழுந்து முகம் கழுவும்வரை காத்திருப்பேன். அப்புறம் பிளாஸ்கைத் திறப்பேன். டீ குடிக்கும்போது அவர்கள் பேசுவார்கள், நான் கேட்பேன். ஜெபிக்கச் சொன்னால் ஜெபிப்பேன். சொல்லாதவரிடம் நானாகத் தொடங்குவதில்லை.

மாநகராட்சி தங்குமிடங்களுக்குப் போகலாமே என்பாய். ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொன்னது. சென்னையில் பல இடங்களில் நடத்தவும் செய்கிறார்கள். தனியாள் என்றால் நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் பெரும்பாலும் ஆணுக்கு ஓரிடம், பெண்ணுக்கு ஓரிடம். புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள் என்று இருக்கிற குடும்பம் பிரிந்து எங்கே போகும்? வேலையும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு, மூன்று தலைமுறையாக அதே பிளாட்பாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு.

பைகளுக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பாட்டி, "பாஸ்டர், இத்த வெச்சிருங்க" என்று ஒரு மஞ்சப்பையை என் மடியில் வைத்தார். உள்ளே ஆதார், ரேஷன் அட்டை, பேரன் படம். மழை வந்தால் நனைந்துவிடும். தூங்கும்போது திருடு போகும். பிளாட்பாரத்தைக் காலி செய்ய வருகிறவர்கள் லாரியில் அள்ளிப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். அந்த அட்டை போனால் முதியோர் உதவித்தொகையும் சிக்கல். புது அட்டைக்குப் போனால் முதல் கேள்வியே, விலாசம் என்ன? பாட்டியைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். இப்போது 31 பைகள். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதித் துணியில் கட்டியிருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுப்பேன். நான் பிரிப்பதில்லை.

நேற்று ஒன்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் படுக்கும் பெரியவர், கால் புண்ணோடு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "கூட ஆள் யாரு?" என்று வார்டில் கேட்டபோதெல்லாம் நான்தான் என்று நின்றேன். போன வாரம் இறந்துபோனார். சொந்தக்காரர் தேடுவதற்காகப் போலீஸ்காரர் பையைக் கேட்டார். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். திருக்கோவிலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பழைய ரேஷன் அட்டை. ஒரு சீப்பு. திருநீற்றுப் பொட்டலம். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தையின் படம், பின்னால் எதுவும் எழுதவில்லை. அட்டையிலிருந்த ஊருக்குச் சொல்லி அனுப்பினார்கள், அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்களாம்.

சாயங்காலம் அடக்கம். நானும், மீன்பாடி வண்டி ஓட்டும் அவர் சிநேகிதரும், குழி வெட்டியவர்களும் மட்டும். நாற்பது வருடமாக எத்தனையோ அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறேன், அங்கே வாய் திறக்கவில்லை. அவர் முருக பக்தர். வண்டிக்காரர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் பூசினார். என் ஜெபத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். படத்தைச் சட்டைப் பையில் வைத்து அனுப்பலாமா என்று வண்டிக்காரர் கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை எங்கேயாவது இருப்பாள். ஒருநாள் தேடி வரலாம்.

அந்தப் படம் உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கும் உறைக்குள் இருக்கிறது. நனையாத இடம் வேறு தெரியவில்லை.

டிசம்பரில் நீ வரும்போது மேல்தட்டையும் நடுத்தட்டையும் காலி செய்து வைக்கிறேன். கீழ்த்தட்டை மட்டும் அப்படியே விட்டுவிடு, கண்ணு.

அன்புடன்,
அப்பா