டிப்போ சரி, பஃபெட் பிழையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கச்சியின் மகள் போன மாதம் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். கையில் கொடுத்த தாளில் இருந்த 'buffet' என்ற ஆங்கிலச் சொல்லை 'பஃபெட்' என்று வாசித்தாளாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். 'புஃபே' என்று சொல்ல வேண்டுமாம். வீட்டுக்கு வந்து, "பட்ஜெட் என்கிறோம், டிக்கெட் என்கிறோம், இதற்கு மட்டும் ட் எங்கே போனது மாமா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. மூன்றுமே பிரெஞ்சில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. சின்னத் தோல்பை என்ற பொருளில் பட்ஜெட் 15ஆம் நூற்றாண்டிலேயே வந்து, ஆங்கிலேயர் வாய்க்குப் பழகிவிட்டது. புஃபேயும், பூச்செண்டைக் குறிக்கும் பொக்கேயும் (bouquet) 18ஆம் நூற்றாண்டில் வந்தவை. அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பெரிய வீடுகளில் பிரெஞ்சு பேசுவது ஒரு கெட்டித்தனம். அதனால் உச்சரிப்பையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பிள்ளை காதால் கேட்காத சொல்லைக் கண்ணால் படித்தாள், அவ்வளவுதான். நம்முடைய பஸ் டிப்போவும் பிரெஞ்சுச் சொல்தான், எழுதும்போது அதன் கடைசியிலும் ட் வரும். பள்ளிக்கூடப் பக்கமே போகாத என் அம்மா, கண்டக்டர் வாயில் கேட்டபடியால், கடைசிவரை டிப்போ என்றுதான் சொன்னார். அலுவலகத்தைக் குறிக்கும் ஒல்லாந்தரின் 'கன்டோர்' நம் வாயில் கந்தோர் ஆனது. எந்த ஒல்லாந்தனும் வந்து பகிடி பண்ணவில்லை.

நான் கல்லடியில் அச்சகம் வைத்திருப்பவன். ஆங்கிலத்தில் கல்யாணக் கார்டு அடிக்க வரும் பெரிய மனிதர்கள் 'பிளீஸ் ஆர்.எஸ்.வி.பி.' என்று போடச் சொல்கிறார்கள். அந்த நாலு எழுத்தும் பிரெஞ்சில் 'ரேபோந்தே சில் வூ ப்ளே', அதாவது தயவுசெய்து பதில் தாருங்கள். தயவு அதற்குள்ளேயே இருக்கிறது, பிளீஸ் வேண்டாம் என்றால், "மரியாதைக்கு இருக்கட்டும்" என்பார்கள். சரி, இரண்டு தயவோடு அடித்துக் கொடுத்துவிடுவேன். அவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை.

ஆங்கில ஆசிரியர்களே, பேலே (ballet), டெப்ரி (debris), ரொண்டேவூ (rendezvous) என்று இப்படிப் பத்துப் பதினைந்து சொற்களை ஒருநாள் பலகையில் எழுதி, வாயாலும் சொல்லிக் காட்டுங்கள். ஒரு பாடவேளை போதும். மருமகளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை இன்னொரு ஹோட்டலில் நேர்முகப் பரீட்சை இருக்கிறது.

அச்சுக்காரன்,
கல்லடி, மட்டக்களப்பு.