மெடிக்கல் கடை அண்ணன்களுக்கு, கக்கத்து அரிப்பு பத்தி ஒரு மடல்

வணக்கம்ங்ணா. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில பவர் டேபிள்ல தைக்கிறவன். மெடிக்கல் வெச்சிருக்கற உங்க எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன்.

ரெண்டு வருசம் முன்னாடி வெயில் காலத்துல கக்கத்துல வட்டமா செவந்து ஒரே அரிப்பு, டாக்டர்கிட்ட கைய தூக்கி காட்டவே கூச்சமா இருந்துச்சு, அதனால ஒரு கடையில மெதுவா சொன்னேன், அவரு பாக்கக்கூட இல்ல, ஒரு ட்யூப் எடுத்து குடுத்துட்டாரு. மூணே நாள்ல அரிப்பு நின்னுச்சு. நிறுத்துன ஒரு வாரத்துல திரும்ப வந்துச்சு, திரும்ப ட்யூப், இப்படியே எட்டு மாசம், கடைசில வட்டம் கலைஞ்சு கக்கம் பூரா பரவி, தோலு மெலிஞ்சு செவப்பு செவப்பா வரி விழுந்துருச்சு.

ஸ்கின் டாக்டர் அம்மா பிளேடால லேசா சொரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு, பூஞ்சையால வர்ற படர்தாமரைன்னாங்க. நான் போட்டதுல பூஞ்சை மருந்தோட க்ளோபெட்டாசோல்னு ரொம்ப பவரான ஸ்டீராய்டும் கலந்திருக்குதாம். அது அரிப்ப அமுக்கும், கூடவே பூஞ்சைய எதிர்க்கற சக்தியயும் அமுக்கிரும், உள்ள பூஞ்சை அது பாட்டுக்கு வளரும். அதுவும் கக்கத்து தோலு மெல்லிசு, முன்கையில போடறத விட மூணு மடங்குக்கு மேல மருந்த இழுக்கும். இப்ப படர்தாமரை போயிருச்சு, வரி மட்டும் போகாதுன்னுட்டாங்க.

இன்னொன்னுங்ணா, கக்கத்துல வர்றது எல்லாமே பூஞ்சையும் இல்ல. ரோல்-ஆன் ஒத்துக்காம அரிக்கலாம். எரித்ராஸ்மான்னு ஒரு பாக்டீரியா தொல்லை இருக்கு, பாக்க படர்தாமரை மாதிரியே இருக்கும், தோல் டாக்டருங்க வெச்சிருக்கற வுட்ஸ் லேம்ப்ங்கற புற ஊதா விளக்குல பவளக் கலர்ல மின்னும். கட்டி கட்டியா வந்து ஒடைஞ்சு அதே எடத்துல திரும்பத் திரும்ப வந்தா அது வேற நோய், வருசக்கணக்குல பேரே தெரியாம அவதிப்படறவங்க உண்டு. கருப்பா வெல்வெட் மாதிரி தடிச்சா சுகர் டெஸ்ட் பண்ணணும். இத்தனை விதத்துக்கும் ஒரே ட்யூப் எப்படிங்ணா சரியாகும்?

2018ல 14 ஸ்டீராய்டு களிம்புகள ஷெட்யூல் ஹெச்ல கொண்டு வந்து, சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டுச்சு. அது உங்களுக்கு என்னை விட நல்லாவே தெரியும். டெர்பினாஃபைன்ங்கற பூஞ்சை மருந்துக்கே அடங்காத பூஞ்சை நம்ம நாட்டுல பரவிட்டு இருக்கறதும் தெரிஞ்சிருக்கும்.

கூச்சத்துல நாங்க மொதல்ல வாய் தொறக்கறது உங்ககிட்டதான். அடுத்து ஒருத்தன் தலைய குனிஞ்சுக்கிட்டு "கக்கத்துல அரிக்குதுண்ணா"ன்னு வந்தா ட்யூப் எடுக்காதீங்க, "ஜிஹெச்ல தோல் டாக்டர் பாப்பாங்க, போய் காட்டு தம்பி"ன்னு அனுப்பி விடுங்கண்ணா.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனி டெய்லர்