எலிவேட்டர் கம்பி: மகளுக்கு ஒரு கடிதம்

ஆரல்வாய்மொழி,
மாசி 20

அன்பு மக்களே,

நீ அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். உன் ரிமோட் மாடல் விமானம் தரையை விட்டு எழும்பியதும் மூக்கைக் கவிழ்க்கிறது. நீ ட்ரான்ஸ்மிட்டரில் டிரிம்மை, அந்தச் சின்னத் திருத்துப் பொத்தானை, மேலே தட்டித் தட்டி அதை நேராக்குகிறாய். ‘வீட்டில் மட்டம் பார்த்துத்தானே வைத்தேன் அப்பா, அதற்குள் எப்படி மாறிச்சு?’ என்று கேட்டிருந்தாய். செர்வோ என்கிற அந்தச் சின்ன மோட்டாரில் கோளாறு எதுவும் இல்லை. வாலில் மேலும் கீழும் அசைகிற பலகைக்கு, அதாவது எலிவேட்டருக்கு, செர்வோவிலிருந்து நீ போட்டிருக்கிற நைலான் ராட் குளிரில் சுருங்கியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார். ஒரு மீட்டர் நைலான், ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.08 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்தால் அதே அளவு சுருங்கும். உன் ராட் 70 சென்டிமீட்டர். கனடாவில், கால்கரி வீட்டு அடித்தளத்தில் 22 டிகிரியில் வைத்து மட்டம் பார்த்தாய், மைதானத்தில் காலையில் 2 டிகிரி என்று சொன்னாய். 20 டிகிரிக்கு 1.1 மில்லிமீட்டர் குறைந்துவிடும். வெளிக்குழாயை விமானத்தின் உடம்போடு ஒட்டியிருக்கிறாய், அதனால் அது நகராது. உள்ளே ஓடுகிற ராட்தான் குட்டையாகும். எலிவேட்டரில் ராட் மாட்டுகிற கொம்பான ஹார்னின் ஓட்டை கீலிலிருந்து 12 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது, எலிவேட்டரின் அகலம் 40. ஹார்ன் அடிப்பக்கம் என்பதால் ராட் குட்டையானால் எலிவேட்டர் கீழே இறங்கும். அதன் பின்விளிம்பு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். அவ்வளவு தாழ்ந்தால் மூக்கு கவிழாமல் என்ன செய்யும்?

இரும்புக் கம்பியாக இருந்தால் இந்தச் சுருக்கத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். கார்பன் குழாயில் கண்ணுக்கே தெரியாது. நம்ம ஊரில் வீட்டுத் திண்ணைக்கும் வயலுக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் நைலானின் இந்தக் குணம் நமக்கு ஒருநாளும் இடைஞ்சல் செய்ததில்லை. நானும் உனக்குச் சொல்லித் தரவில்லை.

நைலானைத் தூக்கிப் போட வேண்டாம். வாலில் இடம் வலம் திருப்புகிற ரட்டருக்கும் முன்சக்கரத்துக்கும், கம்பி வளைந்து போக வேண்டிய இடத்தில் அதைப்போல் வசதி வேறு கிடையாது. எலிவேட்டருக்கு மட்டும் கார்பன் குழாய் போடு.

இனி எழுதப்போவதை உன்னிடம் பதினைந்து வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

செண்பகராமன்புதூர்ப் பக்கத்து வயலில் நம்முடைய மஞ்சள் விமானம் விழுந்த நாள் உனக்கு மறந்திருக்காது. கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. காலை ஏழு மணி, காற்றே இல்லை. ட்ரான்ஸ்மிட்டர் உன் கையில் இருந்தது. உயரத்திலிருந்து கீழே பாய்ச்சி, தென்னைமர உயரத்தில் தூக்கி எடுப்பதாகத் திட்டம். பாய்ந்தது, எழும்பவில்லை. நேராக வரப்பில் போய்க் குத்தியது. நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘லேட்டாக இழுத்துட்டியே மக்களே’ என்று சொன்னேன். அன்றைக்கு நீ வீடு வரைக்கும் பேசவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஸ்டிக்கைத் தொடவும் இல்லை.

நீ லேட்டாக இழுக்கவில்லை. சரியான நேரத்தில்தான் இழுத்தாய்.

மறுநாள் சாயங்காலம் நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். நான் உடைந்த வால்பகுதியை மேசையில் வைத்துப் பார்த்தேன். கீல், ஹார்ன், கம்பியை ஹார்னில் கவ்வுகிற கிளெவிஸ், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, ஒன்றும் கழன்றிருக்கவில்லை. பாட்டரியை மாட்டி ஸ்டிக்கை இழுத்தேன், எலிவேட்டர் அழகாக மேலே போனது. அப்புறம் என்னமோ தோன்றி, எலிவேட்டரை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்டிக்கை இழுத்தேன். செர்வோவின் கை முழுசாகத் திரும்பியது. எலிவேட்டர் என் விரலுக்குள் அப்படியே நின்றது. உடம்பின் கிழிந்த பக்கம் வழியாகப் பார்த்தால், உள்ளே கம்பி வில் மாதிரி வளைந்து பக்கச்சுவரில் உரசிக்கொண்டு இருந்தது. விரலை எடுத்தேன், டக்கென்று நேராகிவிட்டது.

அந்தக் கம்பியைப் போட்டது நான். 1.2 மில்லிமீட்டர் பியானோ கம்பி (கெட்டி எஃகு), 60 சென்டிமீட்டர் நீளம், நடுவில் ஓரிடத்தில்கூடத் தாங்கல் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட கம்பி தள்ளும்போது 60 கிராம் பாரம்கூடத் தாங்காது, அதற்குள் வளைந்துவிடும். நம் செர்வோவோ ஒரு சென்டிமீட்டர் கைநீளத்தில் 3 கிலோ தள்ளக்கூடியது. மெதுவாகப் பறக்கும்போது எலிவேட்டரில் காற்றின் அழுத்தம் கொஞ்சம்தான், அதனால் இருபது முப்பது தடவை ஒன்றும் ஆகாமல் பறந்தது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நாலு மடங்காகும். அந்தப் பாய்ச்சலில் நீ இழுத்த இழுப்பு முழுவதையும் கம்பியின் வளைவே விழுங்கிவிட்டது.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். முப்பந்தலில் காற்றாலையில் வேலை பார்க்கிறவன், அங்கே தினமும் பார்க்கிற விஷயத்தை வீட்டில் கோட்டைவிட்டேனே என்ற வெட்கம் வாயை அடைத்துவிட்டது. பழைய காற்றாலைகள் சிலவற்றில் மெயின் ஷாப்ட் நடுவில் துளையாக இருக்கும். இறக்கைகளின் கோணத்தைத் திருப்ப அதன் உள்ளே ஒரு நீளக் கம்பி ஓடும், பின்னாலிருந்து ஹைட்ராலிக் அதைத் தள்ளும். அந்தக் கம்பியின் தடிமனைப் பார்த்திருந்தும், நீளமான ஒன்றைத் தள்ளுவதற்கு என்ன தடிமன் வேண்டும் என்று நம் விமானத்துக்கு நான் யோசிக்கவில்லை. பழியை உன் தலையில் போட்டேன். மன்னித்துக்கொள், மக்களே.

சரி, புது ராட் செய்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பியின் தடிமனை இரட்டித்தால் வளைவதற்கு எதிரான பலம் 16 மடங்கு கூடும். நீளத்தைப் பாதியாக்கினால், அதாவது நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால், 4 மடங்கு. இந்த இரண்டை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் எந்த விமானத்துக்கும் நீயே ராட் தேர்ந்தெடுக்கலாம். சின்ன ஃபோம் விமானத்தில் செர்வோ பக்கத்திலேயே இருந்தால் 1 மில்லிமீட்டர் கம்பி தாராளம். இறக்கையில் அசைகிற எய்லரானுக்குப் பத்து சென்டிமீட்டர்தான் வரும் என்றால் 2 மில்லிமீட்டர் கம்பி போதும். உன்னுடைய 160 சென்டிமீட்டர் இறக்கை விமானத்தின் வாலுக்கு வெறும் கம்பி ஆகாது. 5 மில்லிமீட்டர் கார்பன் குழாய் வாங்கு, உள்துளை 3 இருக்கட்டும். அது பல கிலோ தாங்கும், எடையும் இருக்காது.

குழாயை அறுக்கும்போது மூக்கில் மாஸ்க் கட்டு, ரம்பத்தை நனைத்துக்கொள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. இரண்டு முனைக்கும் 2 மில்லிமீட்டர் கம்பி, ஒன்றில் மரை இருக்க வேண்டும். கம்பியை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டி, தையல் நூலை ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றி, அரால்டைட் பசையில் முக்கி, 3 சென்டிமீட்டர் உள்ளே போகும்படி நுழை. குழாயின் வாயைச் சுற்றி வெளியேயும் நூல் சுற்றி அதன்மேல் பசை தடவு. இல்லாவிட்டால் குழாய் நீளவாக்கில் பிளந்துவிடும். அஞ்சு நிமிஷப் பசை வேண்டாம். மெதுவாக இறுகுகிறதை வாங்கி ஒரு நாள் முழுக்க விடு, உங்கள் குளிருக்கு இரண்டு நாளே விடலாம். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நாம் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை மூங்கில் குச்சியில் நூல் சுற்றி ஒட்டியது ஞாபகம் இருக்கிறதா? அதே வேலைதான், சாமான்தான் வேறு.

செர்வோ பக்கம் கம்பியை Z எழுத்து மாதிரி மடக்கிய இசட் வளைவு, ஹார்ன் பக்கம் மரையில் கிளெவிஸ். இரண்டு பக்கமும் இசட் போட்டால் நீளத்தைத் திருத்த வழியே இருக்காது. கிளெவிஸின் வாய் திறக்காமல் இருக்க சிலிக்கோன் ரப்பர் குழாயில் ஒரு துண்டை அதன்மேல் ஏற்றிவிடு. ஓட்டைகளைக் கம்பிக்குச் சரியாகத் துளை, துளி பெரிதானாலும் ஆட்டம் வரும். ஆட்டம் இருந்தால் வேகத்தில் எலிவேட்டர் படபடவென்று அதிர ஆரம்பிக்கும், அப்புறம் வால் தங்காது. செர்வோவில் உள் ஓட்டை, ஹார்னில் வெளி ஓட்டை என்று பிடித்தால் பலமும் கூடும், ஆட்டமும் குறையும். ஹார்னின் ஓட்டைகள் கீலின் கோட்டுக்கு நேரே வர வேண்டும். முன்னே பின்னே போனால் ஏற்றமும் இறக்கமும் சமமாக வராது.

ஒன்று மறந்தேனே. ரிசீவரின் ஆண்டெனாவைக் கார்பன் குழாயை ஒட்டிப் போகவிடாதே, கார்பன் சிக்னலை மறைக்கும்.

அடுத்த விமானத்தில் ஹார்னை எலிவேட்டரின் மேல்பக்கம் வை. அப்போது மூக்கைத் தூக்க செர்வோ ராடை இழுக்க வேண்டிவரும். இழுக்கும்போது எந்தக் கம்பியும் வளையாது. நம் மஞ்சள் விமானத்தில் ஹார்ன் அடியில் இருந்தது, தூக்குவதற்குத் தள்ள வேண்டியிருந்தது. மேலே வைத்திருந்தால் அந்த மெலிந்த கம்பியைக் கொண்டே நீ அதைத் தூக்கியிருப்பாய்.

அம்மா உனக்கு மரச்சீனி வற்றல் காயவைத்திருக்கிறாள், சித்தப்பா மகன் சித்திரையில் வரும்போது கொடுத்துவிடுகிறோம். உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் எண்ணெய்த்துணியில் சுற்றி வைத்திருந்த என் இசட் குறடையும் அதோடு அனுப்புகிறேன். உனக்குத்தான் அது.

புது ராட் போட்டதும் பறக்கவிடாதே. எலிவேட்டரை விரலால் பிடித்துக்கொண்டு ஸ்டிக்கை இழு, மாப்பிள்ளையை உடம்பின் மேல்மூடி வழியாக வீடியோ எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. கம்பியை நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா