அந்தக் காட்டை வரைந்தவருக்கு ஒரு பெயர் உண்டு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், சாபத்தால் தூங்கிப்போகும் இளவரசியின் கதையான வால்ட் டிஸ்னியின் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ படத்தைப் பற்றி வாசகர்கள் எழுதிய கருத்துகளைத் தொகுத்து நான்கு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். பழைய அனிமேஷன் படத்துக்கு நான்கு பக்கமா என்று சந்தோஷமாகத்தான் பிரித்தேன். நடுப்பக்கம் முழுக்க அந்தப் படத்தில் வரும் காட்டுக் காட்சி. அதன் மேல் கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் ஒரு வாசகரின் வரி: “பின்னணி எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தது மாதிரி இருக்கிறது, உயிரே இல்லை.” அதற்கு மேல் படிக்க மனம் வராமல் இதழை மூடி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

எழுதிய வாசகர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பட்டதை அவர் எழுதினார். ஆனால் அது 1959-ல் வெளிவந்த படம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் காட்டில் ஒரு இலையைக்கூட கம்ப்யூட்டர் வரையவில்லை என்பதும் தெரியும். தெரிந்திருந்தும், வந்த கருத்துகளில் அந்த ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அந்த ஓவியத்தின் மேலேயே ஒட்டினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் காட்டுக்கு அந்த உருவத்தைக் கொடுத்தவர் ஐவிண்ட் ஏர்ல் என்ற ஓவியர். ஸ்டுடியோவில் ஒரு பின்னணியைச் சாதாரணமாக ஒரு நாளில் முடித்துவிடுவார்கள். இவர் சிலவற்றுக்கு ஒரு வாரமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டார். மரப்பட்டையின் வெடிப்பு, பாறை மேல் பாசி, புல்லின் நுனி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்தார். ஏன் அப்படி? நியூயார்க்கில் கிளாய்ஸ்டர்ஸ் என்ற அருங்காட்சியகத்தில், ஒற்றைக்கொம்புக் குதிரையை வேட்டையாடும் காட்சிகளை நெய்த பழைய திரைச்சீலைகள் இருக்கின்றன. 15-ஆம் நூற்றாண்டில் லிம்பர்க் சகோதரர்கள் ஒரு பிரெஞ்சுப் பிரபுவுக்காக வண்ணம் தீட்டிய பிரார்த்தனைப் புத்தகம் ஒன்றும் உண்டு. இந்தப் படத்தின் தோற்றம் அவற்றிலிருந்து வந்தது. அந்தக் காலத்துச் சித்திரங்களில் தூரத்து மரம் மங்கலாகத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பூவும் மலை மேல் இருக்கும் கோட்டையும் ஒரே கூர்மையோடு இருக்கும். அதையேதான் ஏர்ல் கொண்டுவந்தார். நெட்டுக்குத்தாக நிற்கும் அடிமரங்கள், சதுரமாகக் கத்தரித்த மாதிரி இலைக்கூட்டங்கள், எங்கேயும் மங்கல் கிடையாது.

ஆக, அந்த வாசகரின் கண்ணில் பட்டது சரிதான். கண்டதற்கு அவருக்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டத்துக்குக் கீழே நீங்கள் இரண்டே வரி சேர்த்திருந்தால் அவரும் தெரிந்துகொண்டிருப்பார், படித்த எல்லோரும் தெரிந்துகொண்டிருப்பார்கள். பின்னணி மிகையாகி பாத்திரங்களை அமுக்கிவிடுகிறது என்று படத்தில் வேலை செய்த கலைஞர்களே அப்போது முணுமுணுத்தார்கள். வால்ட் டிஸ்னி ஏர்ல் பக்கம் நின்றார். அந்தக் குறையை யாராவது சொன்னால் உட்கார்ந்து பேசலாம். உயிரில்லை என்றால் என்ன பேசுவது?

நான் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். முப்பது வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். ஒருமுறை பள்ளி நாடகத்துக்கு ஒரு காடு வேண்டும் என்றார்கள். மேடையின் முழு அகலத்துக்குத் துணி கட்டி, வகுப்பு முடிந்தபின் மாலை மாலையாக மூன்று வாரம் வரைந்தேன். ஏணியில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது. திரை விலகியதும் கூட்டம் கை தட்டியது, அது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் விழா மலர் வந்தது. நடித்தவர்கள், எழுதியவர், ஒலிபெருக்கி போட்டவர், நாற்காலி கொடுத்தவர் என்று எல்லார் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. கேட்டேன். “அது பின்னாடி தொங்குகிற துணிதானே டீச்சர்” என்றார் பொறுப்பில் இருந்தவர். அதே பள்ளியில், பரீட்சை நெருங்கினாலே என் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். யாரும் என்னிடம் கேட்டதுகூட கிடையாது.

உங்கள் நடுப்பக்கத்தைப் பார்த்ததும் அந்தத் துணிதான் ஞாபகம் வந்தது. இரண்டு பக்கம் நிறைய ஏர்லின் ஓவியம். அதில் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

சரி, ஏர்லுக்காவது இந்தப் படத்தைப் பற்றிய புத்தகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. கோடு எடுத்த பெண்களுக்கு அதுவும் இல்லை. பென்சிலில் வரைந்த ஒவ்வொரு படத்தின் மேலும் கண்ணாடி போன்ற தாளை வைத்து, அதன் கோடுகளைப் பேனாவால் கை நடுங்காமல் எடுத்தவர்கள் அவர்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள். படம் 75 நிமிடம். அடுத்து 1961-ல் வந்த ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஒன் டால்மேஷியன்ஸ்’ படத்தில் அந்த வேலை ஜெராக்ஸ் முறைக்குப் போய்விட்டது. அந்தக் கைவேலையின் உச்சத்தில் நிற்கிற படத்தைத்தான் நாம் கம்ப்யூட்டர் என்று சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்று. நான் முதன்முதலில் இதைப் பார்த்தது வாடகை வீடியோ கேசட்டில். அகலத் திரைக்காகவே எடுத்த படம், 70 மில்லிமீட்டரில் காட்டிய படம், டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருந்தது. ஆரம்பத்தில் அரண்மனைக்கு ஊர்வலம் வருமே, அதில் நான்கைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது. பல வருடம் கழித்து முழு அகலத்தில் பார்த்தபோது அழுதுவிட்டேன். கொடிகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போய்க்கொண்டே இருக்கின்றன. அதுவரை பாதி ஓவியத்தைப் பார்த்துவிட்டு, பார்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு எழுதியவர்களில் எத்தனை பேர் வெட்டிய படத்தைப் பார்த்தார்களோ.

மற்ற கருத்துகளையும் சொல்லிவிடுகிறேன். “கதாநாயகி தூங்கிக்கொண்டே இருக்கிறாள்” என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-ல் எழுதிய மூலக் கதையில்தான் நூறு வருடத் தூக்கம். படத்தில் அவள் தூங்குவது ஒரே இரவு. அவள் திரையில் இருப்பதே மொத்தம் சுமார் 18 நிமிடம் என்பது உண்மை, அது குறைதான். இன்னும் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் எழுதவில்லை. தான் இளவரசி, காட்டில் சந்தித்தவனை இனி பார்க்கக் கூடாது என்று தெரிந்ததும் அவள் அழுகிறாள். அதன்பின் படம் முடியும்வரை அந்தப் பெண் ஒரு வார்த்தைகூட பேசுவதில்லை. கண் விழித்தபிறகும் இல்லை. ஒவ்வொரு முறையும் எனக்கு அது உறுத்துகிறது.

தூங்குகிறவளை முத்தமிடலாமா என்று கேட்ட வாசகியின் கேள்வி நியாயமானது. அதைக் கேலி செய்து பதில் எழுதியவரின் கடிதத்தை நீங்கள் போட்டிருக்கக் கூடாது. பெரோவின் கதையில் முத்தமே கிடையாது. இளவரசன் பக்கத்தில் மண்டியிடுகிறான், காலம் முடிந்ததால் அவள் எழுகிறாள். முத்தம் கிரிம் சகோதரர்களின் கதையில் இருக்கிறது. படத்தில் இருவரும் முன்பே காட்டில் சந்தித்து, பாடி, மறுபடி பார்ப்பதாகப் பேசியிருக்கிறார்கள். அது போதுமா என்பதை அந்த வாசகியே முடிவு செய்யட்டும்.

ஆனால் அந்த மூன்று தேவதைகளைப் பற்றி நான்கு பக்கத்தில் நான்கு வரிகூட இல்லையே. ஃப்ளோரா, ஃபானா, மெரிவெதர். கதையை நடத்துவதே அவர்கள்தான். இளவரசி சாக வேண்டும் என்று தீய தேவதை கொடுத்த சாபத்தைச் சாவிலிருந்து தூக்கமாக மாற்றுவது மெரிவெதர். தீய தேவதைக்குத் தெரியாமலிருக்க, மந்திரக்கோலைத் தொடாமல், 16 வருடம் விறகுவெட்டியின் குடிசையில் யாரோ பெற்ற பெண்ணை வளர்க்கிறார்கள். கடைசி நாளில் கேக் சரிகிறது, கவுன் கோணலாகிறது, வேறு வழியில்லாமல் கோலை எடுக்கிறார்கள். பிங்கா நீலமா என்று சண்டை வந்து, பொறி புகைக்கூண்டு வழியாகப் பறக்கிறது. தீய தேவதையின் காக்கை கண்டுகொள்கிறது. எல்லாம் பாழாகிறது. பாழானதைச் சரி செய்கிறவர்களும் அவர்களே. சிறையைத் திறப்பது அவர்கள், வாளும் கேடயமும் கொடுப்பது அவர்கள், டிராகனாக மாறிய தீய தேவதை மேல் இளவரசன் வாளை எறியும்போது மந்திரம் சொல்வது ஃப்ளோரா. வயதான மூன்று பெண்கள் ஒரு பெண்ணைக் காப்பாற்றும் கதை இது. அவர்களும் பின்னாடி தொங்குகிற துணி ஆகிவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ‘விடுமுறைக்குச் சில பொம்மைப் படங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டீர்கள். பொம்மைப் படம் என்று எழுதாதீர்கள் என்று அப்போதே விரிவாக எழுதினேன். மூன்று வரியாக வெட்டி, ‘வாசகி ஒருவர்’ என்று போட்டீர்கள். இடம் போதாமல் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். முதல் இதழிலிருந்து உங்களைப் படிப்பவள் நான், சந்தா ஒரு வருடம்கூட விட்டதில்லை. அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தையும் வெட்டுவதென்றால் வெட்டுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும், இந்த ஒரு வரியைப் போடுங்கள்: “சென்ற இதழ் நடுப்பக்கத்தில் வெளியான காட்டுக் காட்சி, ஐவிண்ட் ஏர்ல் கையால் தீட்டிய பாணியில் அமைந்தது, படம் வெளிவந்த ஆண்டு 1959.” ஏர்ல் என்பதில் ஏ நெடில். அச்சுக்கோப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர்